எர்மலாய் அண்ணன் ரயிலுக்குக் கிளம்பியது

யாரோஸ்லாவில், வோல்கா கரையில், நான் அடுப்பு பார்க்கிற உணவகத்தில் எர்மலாய் ஃபோமிச் பதினெட்டு வருடமாக அக்கார்டியன் வாசிக்கிறார். பீட்ரூட் சூப் ஆறுவதற்குள் சாப்பிட வந்தவர்களை எழுப்பி ஆட வைத்துவிடுவார். கர்த்தர் அவர் விரலுக்குக் கொடுத்த வேகத்தைக் காலுக்குக் கொடுக்கவில்லை.

அன்று அவருக்கு ஏழு மணிக்கு ரயில். வொலக்டாவில் பேரனுக்கு மறுநாள் காலை ஞானஸ்நானம். தாத்தா வராமல் பிள்ளையைத் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனாலும் பஸ் நிறைய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் விருந்துக்கு வந்திருந்ததால், சிவப்புச் சட்டை போட்டு நாலு பாட்டு வாசித்தார். ஆறு மணிக்கு நான் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, கிளம்புங்க."

"உட்காராம எப்படிம்மா கிளம்புறது?"

எங்கள் ஊர் வழக்கப்படி, தூரம் போகிறவரோடு எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். போகிறவர்தான் முதலில் எழ வேண்டும். நாங்கள் உட்கார்ந்தோம். ஆடிக்கொண்டிருந்த ஆசிரியர்களும் கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. அண்ணனுக்கு நாற்காலி சுகமாக இருந்தது போலும். நான் மூன்று ஜெபம் சொல்லி முடித்த பிறகே எழுந்தார்.

போனவர் திரும்பி வந்தார். தொப்பியை மறந்துவிட்டாராம். பாதி வழியில் திரும்பி வந்தால் கண்ணாடி பார்க்காமல் போகக் கூடாதே! பார்த்தார், மீசையை நீவினார், மறுபடி உட்கார்ந்தார். ஆசிரியர்களும் நாங்களுமாக நாற்பது பேரும் மறுபடி உட்கார்ந்தோம்.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது முதலாளியம்மா கபிதலீனா இடுப்பில் கை வைத்தாள்.

"இப்ப என்னத்த விட்டீங்க?"

"அக்கார்டியன."

"தலை கழுத்தோட ஒட்டியிருக்கறதால பொழச்சீங்க!"

கண்ணாடி. நாற்காலி. அமைதி. அந்த அமைதியில், ஆற்றுப் பாலத்தின் மேல் ஏழு மணி ரயில் கூவிப் போனது எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. "நல்லபடியா போய்ச் சேரணும்னுதானே உட்கார்ந்தேன்?" என்று என்னைக் கேட்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்போது ஊறுகாய்க் காளானை மென்றுகொண்டிருந்த ஆசிரியை ஒருவர், "எந்த ஊருக்குத்தான் போகணும் நீங்க?" என்றார்.

"வொலக்டா."

"அட மனுஷா, எங்க பஸ்ஸே அங்கதான் போகுது! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உட்கார்ந்திருக்கும்போது பேசக் கூடாதே, டீச்சர்."

விருந்து முடிந்து, அவரை நடுவில் வைத்துக் கூட்டிப் போனார்கள். வழி நெடுக வாசித்தாராம்.

மறுநாள் மதியம் எனக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"அக்லாயா, ஞானஸ்நானம் நல்லபடியா ஆச்சு. பய அழவே இல்ல."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"ஆனா பஸ்ஸுல வந்த வாத்தியாருங்க முப்பது பேரும் கோயிலுக்கு வந்துட்டாங்க. நான்தான் கூப்பிட்டேன். மக எட்டுப் பேருக்குத்தான் சமைச்சிருக்கா, என்ன முறைச்சுப் பாக்குறா. மீன் அப்பத்துக்கு மாவு எப்படிப் பிசையுறது? சீக்கிரம் சொல்லும்மா!"