படகுக்காரன் மகள் செத்த தேதி

பதினோரு வருடமாகப் பியோ மல்ரே ஒரு கிழவனுக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். கிழவன் இருந்தது கணினிக்குள்ளே. தென்கொரியாவில், போஹாங் என்ற கடற்கரை ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் 'ஏழு துறைகள்' விளையாட்டைத் திறப்பாள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உலவுகிற உலகம் அது. அரக்கனை வெட்டுவதிலெல்லாம் அவளுக்கு நாட்டமில்லை. நேரே மூன்றாம் துறைக்குப் போவாள். படகுக்காரக் கிழவன் சூப்பை வாங்கிக்கொண்டு, "கடலுக்குப் போன என் மகள் வருவாள். நாளையும் வா" என்பான்.

மல்ரேயின் புருஷனும் கடலுக்குப் போனவன்தான். கணவாய் மீன் பிடிக்கப் போன படகில் ஆளும் திரும்பவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. "அண்ணி, போனவர் போயிட்டார். ஒரு படையலாவது போடலாமே" என்று கொழுந்தன் தோங்சிக் வருஷாவருஷம் வந்து நிற்பான்.

"செத்த நாள்லதானே படைக்கணும்? எந்த நாளு? நீ பாத்தியா?" என்று அவன் வாயை அடைத்துவிடுவாள். மறந்துவிடு என்று சொல்லாதவன் அந்தக் கிழவன் ஒருத்தன்தான்.

இந்த வசந்தத்தில் கம்பெனிக்காரர்கள் அதே உலகத்தை வைத்துக் கைப்பேசியில் இன்னொரு விளையாட்டு விட்டார்கள். அதில் வழிப்போக்கனாக வரும் ஒரு சிப்பாய் சொல்கிறான்: "படகுக்காரன் மகளா? அவள் எப்போதோ மூழ்கிச் செத்துவிட்டாள்." ஒரே வரி! அடப்பாவிகளா, இங்கே அப்பன்காரன் வழிமேல் விழிவைத்து நிற்கிறான். ஒரு உலகத்துக்கு நாலு விளையாட்டு, நாலையும் நாலு கூட்டம் எழுதுகிறது. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படித்துப் பார்த்தால்தானே!

ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அங்கே ஆட்டக்காரர்கள் எதிர்ப்புக் காட்டும் வழக்கப்படி, பெரிய திரை பொருத்திய லாரி ஒன்றைக் கம்பெனி வாசலில் நிறுத்துவதென்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு வரி அனுப்பினால் திரையில் ஓடும். 'எங்களை முட்டாளாக்கினீர்கள்', 'எழுதினவரை அனுப்புங்கள்' என்று வரிகள் குவிந்தன. மல்ரே அனுப்பியது: 'அவள் செத்த தேதி என்ன?'

"தேதியை வெச்சு என்னக்கா பண்ணப்போறீங்க, கேக் வெட்டவா?" என்று ஆட்டக்காரர்களின் அரட்டைக் குழுவில் ஒருத்தன் கிண்டலடித்தான்.

"தேதி தெரியாம அந்த அப்பன் எப்படிடா படையல் போடுவான்?" என்று எழுதினாள்.

லாரியோடு யாரும் கூடப் போவதில்லை, திரை பேசினால் போதும். மல்ரேக்கு மனசு கேட்கவில்லை. டிரைவருக்கும் சேர்த்துக் கடற்பாசித் தாளில் சோறு வைத்துக் கிம்பாப் சுருட்டிக்கொண்டு, விடிகாலை பஸ்ஸில் கம்பெனி இருக்கும் பாங்யோவுக்குப் போய்ச் சேர்ந்தாள். மதியம் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வெளியே வந்து, திரையைப் பார்த்தபடியே நின்றாள்.

"இந்தத் தேதி கேட்ட வரி யாரோடது?"

"என்னோடது."

"அம்மா, அந்தப் பொண்ணு செத்துட்டாள்னு எழுதினவ நான்தான். என் பேர் தாசோம். அந்தக் கிழவர் இன்னும் காத்துக்கிட்டிருக்கார்னு எனக்குத் தெரியாதும்மா. பழைய கதையை யாரும் சொல்லித் தரல."

"சரி. தேதி?"

"தேதி எழுதலம்மா."

"கூட இருந்து பாத்தவங்க?"

"யாருமில்ல."

"யாரும் பாக்கல, தேதியும் இல்ல. அப்புறம் எந்த வாயால செத்தாச்சுன்னு சொன்னே?" கேட்டுவிட்டு மல்ரே நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தாசோமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க வீட்ல போனது யாரும்மா?" என்று மெல்லக் கேட்டாள். மல்ரே சொன்னாள். பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் ஒரு அந்நிய மனுஷியிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

இலையுதிர் காலம் வந்தது. ஒரு சாயங்காலம் விளையாட்டைத் திறந்தால், மூன்றாம் துறையில் கிழவன் கடலைப் பார்த்துப் படையல் விரித்திருக்கிறான். சோறு, மீன், ஒரு குவளை மது. "தேதி தெரியாமல் போனவர்களுக்கு நிலாக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் படைப்பது பழைய வழக்கம். இன்றைக்கு என் மகளுக்குப் படைக்கிறேன்" என்றான்.

"நீயும் ஒத்துக்கிட்டியா கிழவா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள் மல்ரே. திட்டித் தீர்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள். முன்பின் தெரியாத ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வந்து, ஒவ்வொருவராகக் கடலை நோக்கி விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்று அவளும் கும்பிட்டாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"தோங்சிக், வீட்ல மீன் இருக்கா?"

"இருக்கு அண்ணி. எதுக்கு?"

"எடுத்துக்கிட்டு வா. உங்க அண்ணனுக்கு இன்னைக்குப் படைக்கப்போறேன்."

மறுமுனையில் அவன் அழுவது அவளுக்குக் கேட்டது. "அழாம கிளம்பு" என்று சொல்லிவிட்டு, அரிசி களைய எழுந்தாள்.