இடது பக்கத்துச் சிறுநீரகம்

எட்டாம் வகுப்புக்கு மனித உடல் பாடம் நடத்துகிறவள் நான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடம். சிறுநீரகம் அவரை விதை மாதிரி இருக்கும், இடது சற்று மேலே, வலது சற்றுக் கீழே என்று படம் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் இரண்டையும் ஒரே உயரத்தில் வரைந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். அவ்வளவு கறார்.

என் தம்பிக்கு இரண்டுமே பழுதாயின. மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், செங்கல்பட்டில் டயாலிசிஸுக்குப் படுக்க ஆரம்பித்தான். யாராவது ஒன்று கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. அம்மா மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு கோயில் விடாமல் வேண்டிக்கொண்டாள். என்னிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவள், கொடுக்காமல் எங்கே போவாள் என்ற நம்பிக்கை.

ஊரப்பாக்கத்தில் என் புகுந்த வீட்டு ஹாலில் மாமியார், கணவர், சின்ன மாமனார் மூவரும் உட்கார்ந்து என் வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசினார்கள். நான் காபி கொடுத்தேன். ஒன்று போய்விட்டால் கேஸ் சிலிண்டர் நகர்த்த முடியுமா என்று மாமியார் விசாரித்தார், என்னிடமல்ல, மகனிடம். கணவர் தம் அம்மாவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டிக் குடுக்கசொல்ல ரெண்டு கிட்னியோடதானே குடுத்தாங்க? இப்ப வந்து ஒண்ணத் திருப்பிக் கேட்டா இன்னா நாயம்?" என்றார் மாமியார். சீர்வரிசைப் பாத்திரங்களோடு அதையும் எண்ணி வாங்கியவர் போலத்தான் பேசினார்.

சின்ன மாமனார் சமாதானத்துக்கு வந்தார். கொடுப்பதானால் இடது பக்கத்ததைக் கொடுக்கட்டும், வலது நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். வெற்றிலை பாக்கை இடது கையால் நீட்டினால் மரியாதை இல்லை என்று எழுந்து போகிற குடும்பம் இது. சிறுநீரகத்துக்கு இடது போதுமாம். ரத்தக்குழாய் நீளம் என்பதால் டாக்டர்களும் பெரும்பாலும் இடதைத்தான் எடுப்பார்கள் என்று நான் சொல்லித் தொலைத்தேன். தம்முடைய யோசனையை வைத்தியமே ஒப்புக்கொண்ட சந்தோஷத்தில் அவர் இன்னொரு காபி கேட்டார். மாமியாரும் இறங்கி வந்தார்.

தம்பியோ, கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவேனோ என்று எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். கால் வீங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாமல் திரும்பி வந்தான் என்று அவன் மனைவிதான் போனில் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வகுப்பே ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் கணவர் சம்மதக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அங்கிருந்த பெண் டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்.

"உங்களுக்குக் குடுக்க இஷ்டமாம்மா? வேணாம்னா சொல்லுங்க. உங்க உடம்பு ஒத்துக்காதுன்னு நாங்களே சொல்லிடுவோம். யாருக்கும் தெரியாது."

அத்தனை மாதங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. மாமியாருக்கும் அம்மாவுக்கும் மனத்துக்குள் எத்தனையோ பதில்கள் தயாராக வைத்திருந்தேன். சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தேன். அழுதுவிட்டேன்.

"பயமா கீது டாக்டர்," என்றேன். டீச்சர் பேச்சு எங்கே போயிற்றோ. "ஆனா குடுக்கறேன். அவங்க சொன்னாங்கன்னு இல்ல."

தம்பி இப்போது மறுபடியும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். அவனுக்கு உயிர் கொடுத்தது யார் என்று தெருவில் யாராவது கேட்டால் மாமியார் தயங்குவதே இல்லை.

"நாங்கதான் குடுத்தோம்," என்கிறார்.