காற்று போதுமா என்று தவுக்கே கேட்டார்

மெஷின் எண்ணெய் ஊறிய அட்டைப் பெட்டியின் வாசம்…

ஈப்போவிலிருந்து செமோர் வந்த பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தும், அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே ஏர் கன். லோரிச் சக்கரத்து நட்டைக் காற்றழுத்தத்தில் கழற்றவும் இறுக்கவும் செய்கிற சாமான். எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணத்தன்றுகூட நான் அத்தனை மிதப்பாக உட்கார்ந்திருக்கவில்லை, நண்பர்களே.

அதற்கு முன் பதினோரு வருடம் ரப்பர் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தேன். தோட்டத்தை விற்றார்கள். லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். செமோர் பக்கம் வாடகை வீடு பிடித்து, வாசலில் தகரம் இறக்கி, பழைய சின்ன கம்ப்ரசர் ஒன்றை வைத்து லோரி டயர் மாற்றும் வேலையைத் தொடங்கினேன்.

முதல் வாடிக்கை என் மனைவியின் தம்பி சேகர். சிம்பாங் பூலாய் பக்கம் கல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மாமா. இருபத்து நாலு வயது. பெண்கூடப் பார்த்து வைத்திருந்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவனுக்குச் சாமான் தேர்ந்தெடுக்கத் தெரியாது. ஸ்டோர் கணக்குப் பார்க்கும் கிராணி எடுத்துக் கொடுப்பார், கையெழுத்துப் போட்டு வாங்குவோம். துரை எதை வாங்கிப் போட்டாரோ அதுதான் நல்ல சாமான். பதினோரு வருடத்தில் ஒரு ஸ்பேனரைக்கூட நானாகப் பார்த்து வாங்கியதில்லை.

ஈப்போ கடையில் தவுக்கே, அதாவது சீன முதலாளி, இரண்டு கன்னை மேசைமேல் வைத்தார். ஒன்று நடுத்தரம். மற்றது பெரிசு, தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் நான் பிடித்த அதே மாதிரி. என் கை நேராக அதற்குத்தான் போனது.

தவுக்கே என்னைப் பார்த்தார். “ஆங்கின் சுக்குப் கா?” என்றார் மலாயில். என் கம்ப்ரசரில் இதற்குக் காற்று போதுமா என்று கேட்கிறார். அப்புறம் அவருக்குத் தெரிந்த தமிழில், “வீட்டுக்கு இது சின்னது போதும் லா. கடைசில கையால இறுக்கு” என்றார்.

பக்கத்தில் டவுன் வொர்க்‌ஷாப்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் என் செருப்பைப் பார்த்தான். அவ்வளவுதான். எஸ்டேட்டுக்காரன், ஓட்டைக் கம்ப்ரசர் வைத்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“சுக்குப், தவுக்கே. என் கம்ப்ரசர் பெசார்” என்றேன்.

பெரிசு என்று சொன்னேன். பொய்.

வீட்டில் அந்தப் பெரிய கன்னை மாட்டியதும் அக்கம்பக்கமே வேடிக்கை பார்க்க வந்தது. டகடகவென்று என்ன சத்தம்! சேகர் சிரித்துக்கொண்டே நின்றான். நான் சக்கரம் மாட்டி முடித்ததும், அவன் வழக்கம்போல வீல் ஸ்பேனரைப் போட்டு அதன்மேல் ஏறி மிதிக்கப் போனான்.

“மச்சான், அத வை லா. கன்னு இருக்கும்போது காலு எதுக்கு?”

“ஒரு மிதி மிதிச்சிட்டு போறேன் மாமா.”

“தோட்டத்துல எவன் மிதிச்சான்? நீ கெளம்பு, நேரமாச்சி.”

தோட்டத்தில் யாரும் மிதிக்கவில்லைதான். அங்கே இருந்த கம்ப்ரசர் ஆள் உயரம். என்னுடையது நாலு நட்டுக்கே மூச்சு வாங்கும். காற்று குறைந்த பிறகும் கன் டகடகவென்று அடிக்கும், நட்டு மட்டும் இறுகாது. சத்தத்தை நம்பினேன்.

மறுநாள் கல் ஏற்றி இறக்கத்தில் வந்தபோது முன்சக்கரம் கழன்று ஓடியது. லோரி ரோட்டோரப் பாரிட்டுப் பள்ளத்துக்குள் சாய்ந்தது. சேகரின் வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போய்ப் பார்த்தபோது அவனே எனக்கு ஆறுதல் சொன்னான். “பழைய லோரி மாமா. போல்ட்டு ஒடஞ்சிருக்கும். நீங்க என்னா செய்வீங்க…”

நான் தலையை ஆட்டினேன். பாவி, தலையை ஆட்டினேன்.

ஏனென்றால் வரும் வழியில் லோரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சக்கரத்து ஓட்டைகள் நீள நீளமாகத் தேய்ந்திருந்தன. ஃபிட்டருக்கு அது போதும். நட்டு லூசாக ஓடிய சக்கரம் அது. வீட்டுக்கு வந்து, அன்று காலை நான் மாட்டிய இன்னொரு லோரியின் சக்கரத்தில் ஸ்பேனர் போட்டேன். முதல் நாலு அசையவில்லை. ஐந்தாவது அரைச் சுற்று சுற்றியது. எட்டாவது விரலுக்கே சுற்றியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பெண் வீட்டார் அதற்குப் பிறகு வரவில்லை. சேகர் லோரி ஏறவில்லை. ஒரு பள்ளிக்கூட கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்த்தே முடி நரைத்துவிட்டது. கல்யாணமும் இல்லை.

இப்போது எந்தக் கன்னை வாங்கினாலும் எவ்வளவு காற்று வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறான். பேட்டரியில் ஓடுவதும் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் போனில் தட்டிப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் நமக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்று நாம் எல்லாரும் இந்த ஃபேஸ்புக் குழுவில் எழுதிக்கொள்கிறோம். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஆள் இருந்தார். வலிய வந்து கேட்டார்.

நாற்பது வருடமாக என் மனைவியிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை.

நான் எதைப் போட்டாலும் முதல் லைக் சேகருடையதுதான். கண் மங்கிவிட்டது அவனுக்கு. பெயரைப் பார்த்ததும் படிக்காமலே அமுக்கிவிடுவான்.

மச்சான்… இத மட்டும் படிச்சிட்டு அமுக்கு லா.