ரம்லா வீட்டு லினக்ஸ்

கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் ரம்லாவைத் தெரியாத வீடு குறைவு. அவர் டிவி மெக்கானிக். ஒரு பெண் டிவி ரிப்பேர் பார்ப்பதா என்று முதலில் வாய்பிளந்தவர்கள்கூட, போகப்போக அதையே வசதியாக எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் டிவி படுத்துவிட்டால் அவரைக் கூச்சமில்லாமல் உள்ளே கூப்பிடலாம். சால்டரிங் அயர்னும் மீட்டரும் போட்ட ஒயர்கூடையைத் தூக்கிக்கொண்டு அரைமணி நேரத்தில் வந்து நிற்பார்.

இந்த வேலையை அவர் படித்துக் கற்றவர் இல்லை. பத்தாவது முடித்த கையோடு, கருப்பு வெள்ளை டிவி செய்த ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போர்டில் பாகங்களைச் சொருகும் வேலை. மூன்றாம் வருஷமே ரம்லாவைச் சோதனை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸிலோஸ்கோப்பின் பச்சைத் திரையில் அலை சரியாக வருகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு டிவியையும் தேற்றி அனுப்ப வேண்டும். ஏழெட்டு வருஷம் அந்த அலையைத்தான் பார்த்தார். கம்பெனி மூடியபோது கை சும்மா இருக்க மறுத்தது. வீட்டிலேயே ரிப்பேர் தொடங்கிவிட்டார். கணவர் நிஜாம் ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை விற்பனையாளர். தினமும் இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனிதர். ஆனால் பியூஸ் போடச் சொன்னால் இரண்டடி தள்ளி நிற்பார்.

1996ஆம் வருஷம், நல்ல சித்திரை வெயில். பக்கத்து மளிகைக் கடைக்கு ரம்லாவைக் கேட்டு ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, ரம்லா அம்மணிங்களா? பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து ரங்கராஜ் பேசறனுங்க. எங்கூட்டு கம்ப்யூட்டர் மானிட்டர் அணைஞ்சுபோச்சு. ஒருக்கா வந்து பாத்துக் குடுக்கோணும்."

"கம்ப்யூட்டரை நான் தொட்டதே இல்லீங்களே அண்ணா."

"டிவி மாதிரிதானுங்க. முன்னால கண்ணாடி, பின்னால டப்பா. கம்ப்யூட்டர் கடைக்காரன் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குன்னு சொல்லிப்போட்டான். எங்கூட வேலை பாக்கறவர் உங்க பேரைச் சொன்னாருங்க."

மறுநாள் காலை மேட்டுப்பாளையம் பஸ் ஏறிப் போய் இறங்கினார் ரம்லா. ரங்கராஜ் ஒரு பம்புசெட் தொழிற்சாலையில் காயில் சுற்றும் பிரிவுக்குச் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரே கதி என்று கிடப்பவர். அவர் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி வெங்கடம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

"வா கண்ணு, உள்ள வா. நல்லா ஓடிட்டு இருந்த மெசினுங்க இது. புதுசா என்னமோ ஏத்தறேன்னு மூணு ஞாயித்துக்கெழமை சோறு தண்ணி இல்லாம உக்காந்தாரு. கடசீல கீச்சுன்னு ஒரு சத்தம். அத்தோட செரி." பிறகு கணவரைப் பார்த்துத் தெலுங்கில் இன்னும் நாலு வார்த்தை சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் ரம்லாவுக்குப் பொருள் புரிந்தது.

ரங்கராஜ் அசடு வழிந்தபடி விஷயத்தைச் சொன்னார். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்திருக்கிறது. அதில் லினக்ஸ். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒன்று, ஆனால் உள்ளே எழுதியிருப்பதையெல்லாம் ஒளிக்காமல் திறந்தே வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். அதை ஏற்றி, கருப்புத் திரையில் எழுத்து வருகிற வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். படமும் ஜன்னலும் வரவைக்கப் போனபோதுதான் வம்பு.

"மானிட்டரோட ஹரிசான்டல் சிங்க் எத்தனைன்னு கேட்டுதுங்க. எனக்கென்ன தெரியும்? பட்டியல்ல கடசியா அறுபத்திநாலுன்னு ஒண்ணு பெருசா இருந்துச்சு. பெருசா இருந்தா நல்லதுதானேன்னு அதையே குடுத்துப்போட்டேன்."

ரம்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் என்றதும் தயங்கித் தயங்கி பஸ் ஏறி வந்தவருக்கு, இது தன் வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. திரையில் செகண்டுக்கு எத்தனை கோடு ஓட வேண்டும் என்கிற கணக்குத்தானே ஹரிசான்டல் சிங்க், டிவி மெக்கானிக்குக்கு அது தெரியாமலா?

பின்மூடியைக் கழற்றினார். படக்குழாயில் தேங்கியிருந்த மின்சாரத்தை முதலில் ஒயர் வைத்து இறக்கினார். டப்பென்று ஒரு பொறி பறந்தது, வெங்கடம்மாள் கதவுக்கு வெளியே போய்விட்டார். மீட்டரை வைத்துப் பார்த்ததில், படக்கோடுகளை இழுக்கிற டிரான்சிஸ்டர் ஒன்று வெந்துபோயிருந்தது. காந்திபுரம் போய் அதே வேகத்தைத் தாங்குகிற ஒன்றை வாங்கிவந்து, சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டார். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. ரங்கராஜ் கைதட்டினார்.

வேலை அத்தோடு முடிந்திருக்கலாம். ரம்லாவுக்கு மனசு கேட்கவில்லை. "நான் போனதும் மறுக்கா அதையேதானே செய்வீங்க?" என்றார்.

"செய்யத்தானுங்க தோணுது."

"அப்ப அந்தக் கேள்விய எனக்குக் காட்டுங்க."

ரங்கராஜ் ஒரு கோப்பைத் திறந்தார். திரை வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வரி நிறைய எண்கள். அவர் மூன்று வாரமாகப் பார்த்துப் பயந்த வரிகள் அவை. ரம்லா ஒன்றின்மேல் விரலை வைத்தார். 25.175, பிறகு 640, 664, 760, 800, அதன்பின் இன்னும் நான்கு எண்கள்.

ஒவ்வொரு எண்ணாக விரலை நகர்த்தினார். பிறகு ரம்லா மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, இது நம்ம அலைதானுங்க. 640 வரைக்கும் படம். அப்புறம் கொஞ்சம் வெறும் எடம். 664லேர்ந்து 760 வரைக்கும் சிங்க். 800ல அடுத்த கோடு ஆரம்பிக்குது. மொதல்ல இருக்கற எண் என்னங்க?"

"புள்ளி ஓடற வேகமுங்க. ஒரு செகண்டுக்கு ரெண்டரைக் கோடிச் சொச்சம்."

"ஒரு பேப்பர் குடுங்க."

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த வேகத்தை 800ஆல் வகுத்துப் பார்த்தார். செகண்டுக்கு 31,468 கோடு. மானிட்டர் போர்டில் இரண்டு சின்னத் திருகுகள் இருந்ததை மத்தியானமே கவனித்திருந்தார். ஒன்றின் அருகில் 31K, இன்னொன்றின் அருகில் 35K என்று அச்சடித்திருந்தது, K என்றால் ஆயிரம். டார்ச் அடித்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"உங்க மானிட்டர் இந்த ரெண்டு வேகத்துல மட்டும்தான் ஓடும். நீங்க அறுபத்திநாலுக்கு வெரட்டியிருக்கீங்க. கருகாம என்ன செய்யும்?"

அந்த இரண்டு வேகத்தை மட்டும் கொடுத்து, ரங்கராஜ் கட்டளையைத் தட்டினார். திரை ஒருமுறை இருண்டது. ரம்லா காதைத் தீட்டிக்கொண்டு மானிட்டர் பக்கத்திலேயே குனிந்து நின்றார், கை சுவிட்ச்மேல். கீச்சுச் சத்தம் இல்லை. சாம்பல் நிறத்தில் வலை பின்னியது போல ஒரு பரப்பு வந்தது. நடுவில் பெருக்கல் குறிபோல ஒரு சுட்டி. பிறகு ஒரு ஜன்னல், அதற்குள் முள் வைத்த கடிகாரம்.

"வந்துருச்சு! வந்துருச்சு அம்மணி!" ரங்கராஜ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

வெங்கடம்மாள் எட்டிப் பார்த்தார். "மணி பாக்கறதுக்கா மூணு வாரம்? சொவத்துலதான் ஒண்ணு தொங்குதே!" என்றவர், ரம்லாவுக்கு டிபன் கொடுக்காமல் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு ரங்கராஜ் சும்மா இருக்கவில்லை. அதே சிடியை வைத்துக்கொண்டு ஊரெங்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். பெட்ஷீட் சுற்றிய மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆட்கள் கோட்டைமேட்டுக்கு வந்தார்கள். ரம்லா ஒவ்வொன்றையும் திறந்துபார்த்து, வகுத்து, ஒரு சீட்டில் எண்களை எழுதிக்கொடுத்தார். எல்லாருக்கும் படம் வந்தது. தன் வீட்டில் மட்டும் வரவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு ஆடி மாசவாக்கில் பிடித்துக்கொண்டது.

கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்ட ஒருவர் தன் பழைய 386 ரக மெஷினைச் சும்மாவே கொடுத்தார். சிடி டிரைவ் கிடையாது. ரங்கராஜ் லினக்ஸை இருபத்துநாலு பிளாப்பியில் பிரித்துப்போட்டு, வரிசை எண் எழுதி, துணிப்பையில் கொண்டுவந்து தந்தார். பிளாப்பி மாற்றும் வேலையும் படிக்கும் வேலையும் நிஜாமுக்கு. அவருக்கு இங்கிலீஷ் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. ரம்லாவுக்கு அதற்கு நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வாசிக்க வாசிக்க இவர் பதில் தட்டினார். பதினேழாவது பிளாப்பி படிக்க மறுத்தது. நிஜாமே பெரியநாயக்கன்பாளையம் போய் வேறு ஒன்று வாங்கிவந்தார்.

எல்லாம் ஏறி முடிந்து முதல்முறை ஓட்டியபோது வரிகள் சரசரவென்று மேலேறின. நிஜாம் ஒரு வரியில் நின்றுவிட்டார். முகம் மாறிவிட்டது.

"ரம்லா, அணைச்சிரு."

"ஏனுங்க?"

"டீமன்களை ஆரம்பிக்குதாம். டீமன்னா சைத்தான். ஊட்டுக்குள்ள எதுக்கு இது?"

ரம்லாவுக்கும் கொஞ்சம் திக்கென்றது. இரண்டு பேருமாக மளிகைக் கடைக்குப் போய் ரங்கராஜுக்குப் போன் போட்டார்கள். அவர் அந்தப் பக்கம் விழுந்துவிழுந்து சிரித்தார். "பேருதானுங்க அப்படி. கண்ணுக்குத் தெரியாம பின்னால நின்னு, சொன்ன வேலையச் செய்யறவங்களுக்கு அந்தப் பேரு."

நிஜாம் அதை யோசித்துக்கொண்டே நடந்துவந்தார். வாசல்படியில் நின்று, "கண்ணுக்குத் தெரியாம, சொன்ன வேலைய ஒழுங்காச் செய்யறவங்கன்னா வானத்து மலக்குன்னு பேர் வெச்சிருக்கலாமே, என்ன கெட்டுப்போச்சு?" என்றார். அந்தக் கேள்வியோடு அவர் பயம் தீர்ந்தது. பிறகு மெஷினுக்குள் நுழையத் தனக்கும் தனியாக ஒரு கணக்கு வேண்டும் என்றார். நிஜாம் என்ற பேரில் ரம்லா ஒன்று திறந்தார். பாஸ்வேர்டை மனைவிக்கும் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டு தட்டினார் நிஜாம்.

மூன்றாம் நாளே அது மறந்துபோயிற்று. கடையிலிருந்து வந்தவர் நாலைந்து முறை தட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து தயங்கி நின்றார். ரம்லா சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய், ரூட்டாக உள்ளே நுழைந்து வேறு பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்தார்.

"அதென்ன ரூட்டு?"

"மெசினுக்கே பெரியவங்க. எதை வேணாலும் மாத்தலாம்."

"நான் எப்ப ரூட் ஆகறது?"

"ஊட்டுக்கு ஒருத்தர் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு ரம்லா சட்டியைப் பார்க்கப் போனார்.