சீயக்காய் தேய்த்துக் குளித்த எஞ்சின்

1. வாளி

சூடான எஞ்சின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எப்படிச் சத்தம் வரும் என்று செங்கல்பட்டு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காய்ந்த வாணலியில் ஒரு சொம்பு மோரை ஊற்றினால் வருமே, அதைப் பத்து மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் கேட்டபோது நான் தெருக்கோடிக் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் டாக்டரம்மா வீட்டு வாசலில் நிறுத்திய காரிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஆவிக்குள்ளே வக்கீல் சார் நின்றார். கையில் காலி வாளி.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. திருக்கழுக்குன்றத்தில் இருந்த ஒரு லேடி டாக்டருக்கு நான் டிரைவராக வேலை பார்த்தேன். அதற்கு முன் மூன்று வருஷம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்தவன் என்பதால் டிரைவரும் நானே, மெக்கானிக்கும் நானே. டாக்டரம்மா வாரத்தில் நான்கு நாள் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், திருப்போரூர் என்று சுற்றுவார். கடற்கரைப் பக்கம் போகிற வண்டிக்கு மணலும் உப்புக்காற்றும் போதும். எஞ்சினில் லேசாக எண்ணெய் கசிந்தால் அதன் மேல் மண் ஒட்டும், மண்ணின் மேல் மறுபடி எண்ணெய். ஆறே மாதத்தில் எங்கள் எஞ்சின் எள்ளுருண்டை மாதிரி ஆகிவிட்டது.

டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் வக்கீல். சனி, ஞாயிறு கோர்ட் இல்லை. அழுக்கு எஞ்சின் சீக்கிரம் சூடாகும், அதை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம் என்று ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருக்கிறார். அன்று சனிக்கிழமை. மாமல்லபுரம் போய்விட்டுப் பதினோரு மணிக்கு நாங்கள் திரும்பியதும், எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத்தலையோடு வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தால் என்ன என்று கேட்டார். நான் பதறிப்போனேன். ஒர்க்‌ஷாப்பில் எங்கள் மேஸ்திரி அப்படித் துடைக்கப்போய், புகை வெளியேறுகிற சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் ஆவி பட்டு, இரண்டு புருவமும் இல்லாமல் மூன்று மாதம் திரிந்தவர். அதைச் சொல்லி, எஞ்சின் ஆறட்டும், மண்ணெண்ணெய் வாங்கி வருகிறேன் என்று டின்னோடு கிளம்பினேன்.

நான் போன கால்மணி நேரத்தில் வக்கீல் சாருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. தலையில் தேய்த்த எண்ணெய் சீயக்காயில் போகிறது. எஞ்சினில் இருப்பதும் எண்ணெய்தானே?

மீதியிருந்த சீயக்காய்த் தூள் முழுவதையும் வாளியில் கரைத்து, தலையோடு கால் ஊற்றிவிட்டார்.

2. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஆள்

முதலில் நான் குனிந்து பார்த்தது எஞ்சின் பிளாக்கைத்தான். வார்ப்பிரும்பு சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். எங்கள் அதிர்ஷ்டம், விடவில்லை. ஆனால் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மேலிருந்து கீழ்வரை பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு பிளக் குழியிலும் தண்ணீர். தெரு முழுவதும் சீயக்காய் வாசனை.

“நுரை நன்னா வருதே தேவராஜு” என்றார் வக்கீல் சார். குரலில் மட்டும் அவ்வளவு உறுதி இல்லை.

அதற்குள் ஓர் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெயர் கன்னியப்பன், சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்காரர். பத்து மைல் மிதித்து வந்திருக்கிறார். டாக்டரம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

“எம்மா, எங்க அண்ணி நேத்து சாயங்காலத்துலேர்ந்து நோவுல கீது. புள்ள எறங்கல. மருத்துவச்சி கைய விரிச்சிட்டாங்க.”

டாக்டரம்மா அவரிடம் நாலு கேள்வி கேட்டார். உள்ளே போய்ப் பையோடு வந்தார். அப்போதுதான் காரைப் பார்த்தார். அவர் புருஷனைப் பார்த்த பார்வையை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினால் பேட்டரிதான் தீரும். பஸ் போய் அரைமணி ஆகியிருந்தது, அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. ஜட்கா போய்ச் சேர அதற்கும் மேலாகும்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

அரைமணி என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

“எங்கெங்க தண்ணி இருக்கக் கூடாதுன்னு காட்டு” என்று பையைத் திறந்தார்.

3. ஆபரேஷன்

பேட்டரி டெர்மினலை முதலில் கழற்றினேன். பிறகு நடந்ததை ஆபரேஷன் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குக் காது கழுவுகிற ரப்பர் பல்பால் டாக்டரம்மா பிளக் குழித் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். குறட்டில் கட்டுப்போடுகிற காஸ் துணியைச் சுற்றி, என் விரல் போகாத இடங்களையெல்லாம் ஒற்றினார். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே பார்த்தால் சீயக்காய்ச் சேறு. அதைக் காரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து வெயிலில் காய வைத்தோம். வக்கீல் சார் விசிறியால் எஞ்சினுக்கு விசிறினார். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்ட வேலை.

எல்லாவற்றையும் பொருத்த முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு மூன்று சிலிண்டர் ஓடியது, நாலாவது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சேர்ந்துகொண்டது.

வழியில் நின்றால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று வக்கீல் சாரையும் டாக்டரம்மா ஏறச் சொன்னார். கன்னியப்பன் சைக்கிளைப் பின்னால் கட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேனிஃபோல்டில் ஒட்டிய சீயக்காய் கருக ஆரம்பித்தது. அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

“இன்னா நைனா, வண்டிக்குத் தலைமுழுக்கா?”

ஆமாம் என்றேன். பின்னால் வக்கீல் சார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

4. சதுரங்கப்பட்டினத்தில் பார்த்தது

டாக்டரம்மா குடிசைக்குள் போனதும் நாங்கள் வண்டியைப் பழைய கோட்டைச் சுவர் நிழலில் நிறுத்தினோம். வக்கீல் சார் மணலில் மேலும் கீழும் நடந்தார். மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பார், போடாமலே மூடுவார். அரைமணி தாமதத்தால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் அதே நினைப்புதான். சும்மா நிற்க முடியாமல் பானெட்டைத் திறந்தேன்.

எஞ்சின் ஆறியிருந்தது. சீயக்காய் பாதி அழுக்கைக் கழற்றியிருந்தது. ஆறு மாதமாகக் கண்ணில் படாத செப்புக் குழாய் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கார்புரேட்டருக்குப் போகிற பெட்ரோல் பைப். அதை இணைக்கிற யூனியன் நட்டில் ஒரு துளி திரண்டு நின்றது. விரலால் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல். துளி விழுந்தால் நேரே கீழே மேனிஃபோல்ட்.

வண்டியில் கொஞ்ச நாளாகவே பெட்ரோல் வாசனை வந்தது உண்மை. பெட்ரோல் பங்கில் சிந்தியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். உள்ளே டாக்டரம்மா, அவர் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில்கள். அப்படியே ஊர் ஊராகப் போயிருக்கிறோம். நட்டை முறுக்கிக் கசிவை நிறுத்தினேன்.

வக்கீல் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“அப்போ நான் செஞ்சது சரின்னு சொல்றியா?”

“கழுவணும்னு நெனச்சது சரி சார். கழுவுன விதந்தான் தப்பு.”

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். பெண் குழந்தை, தாயும் நலம் என்றார். கன்னியப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வக்கீல் சார் அப்போதுதான் பொடி போட்டார், தொடர்ந்து ஏழு தும்மல்.

திரும்பும் வழியில் பைப் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று டாக்டரம்மா கேட்டார். தெரியாது அம்மா என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

5. ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் முறைப்படி செய்தோம். சமையல்கட்டுக்கு எட்டத்தில், வேப்பமர நிழலில் வண்டி. இரவெல்லாம் ஆறிய எஞ்சின். பக்கத்தில், தீப்பிடித்தால் கொட்ட ஒரு வாளி மணல். பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தெருவோடு அனுப்பினோம். முதல் வேலை பேட்டரி டெர்மினலைக் கழற்றியது. பிளக் வயர்களுக்கு டாக்டரம்மாவின் பிளாஸ்திரியில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு ஒட்டினார் வக்கீல் சார், பத்திரம் எழுதுகிற அதே கையெழுத்தில். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஆபரேஷன் கையுறை ஒன்றை மாட்டிக் கட்டினோம். ஐந்து விரலும் மேலே பார்த்து நின்றன. கார்புரேட்டர் வாய்க்குப் பிரசவ மேஜையின் ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு.

மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தடவி, ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் சுரண்டினோம். பிறகு பிழிந்த சோப்புத் துணி, பிறகு உலர்ந்த துணி. தண்ணீர் வாளியை அன்று யாரும் தொடவில்லை. எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே பிரித்துக் காயப்போட்டோம். சாயங்காலம் வரை பானெட் திறந்தே கிடந்தது. எல்லாம் உலர்ந்த பிறகுதான் டெர்மினலை மாட்டினேன்.

பிறகு நான் செங்கல்பட்டில் சொந்தமாக ஷெட் போட்டேன். வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுப்பேன். சீயக்காய்க் கதையையும் சொல்வேன். எல்லோரும் வக்கீல் சாரை நினைத்துச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து மிச்சத்தையும் சொல்வேன். அந்த ஆறு மாதமும் நான் தினம் காலையில் வண்டியின் வெளிப்புறத்தை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தேன். பானெட்டைத் திறந்தால் ஆயில் அளக்கும் குச்சியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். வக்கீல் சார் செய்தது அரைமணி நேரத் தப்பு. நான் செய்தது ஆறு மாதத் தப்பு.