மெதுவாக நடப்பவர் முன்னால்

பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த வட்டாரத்தில் யாருக்கும் அவளைத் தெரியாது. ‘விசில் அக்கா’ என்று கேட்டால் தெருமுனையிலிருந்தே கைகாட்டுவார்கள். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையை அவள் விட்டுவிட்டாலும் விசில் அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டாலே கீழ்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்துவிடுவாள்.

“இன்னைக்கு எங்கக்கா?”

“ஏரிக்கரை, காடு, கடல். மூணும் ஒரே நாள்ல.”

“என் முட்டி என்ன சொல்லுமோ!”

“முட்டி பேசாது. நீதான் பேசிக்கிட்டே வருவ. வா.”

மலையேறத் தெம்பில்லாதவர்கள், உட்கார்ந்த வேலையில் இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் என்று ஒரு கூட்டம் அவள் பின்னால் சேர்ந்திருந்தது. பின்னால் என்று சொல்வதும் தப்பு. அவள் எப்போதும் கடைசியில்தான் நடப்பாள். கூட்டத்திலேயே யார் மெதுவோ அவரை முதலில் விடுவாள். அவரை யாரும் தாண்டக் கூடாது. எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் அந்தக் கால்களுக்குப் பின்னால்தான் வரவேண்டும். வெகுநாளாக அந்த முதலிடம் தையல்காரம்மாவுக்குத்தான். “இது என் சீட்டு, ரிசர்வ் பண்ணினது” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

கடைசியில் நடப்பவளுக்கு முன்னால் யார் களைக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் காது. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது எளிய நடை. பேச்சு நின்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். முன்னால் பேச்சு தேய்ந்ததோ இல்லையோ, ஒரு விசில். எல்லோரும் நிற்பார்கள். தண்ணீர் குடித்துவிட்டு யாரோ ஒருவர் வம்பை மறுபடி ஆரம்பிப்பார். இரண்டு விசில். புறப்படுவார்கள். இப்படி எத்தனையோ பேரை அவள் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

ஆனால் ஊரையெல்லாம் நடக்க வைத்தவளால் தன் வீட்டில் ஒருவரை நடக்க வைக்க முடியவில்லை.

அவர் அவளுடைய கணவர். அவள் விசில் ஊதிய அதே பேருந்தை ஓட்டியவர். பின்படியில் அவள் ஊதுகிற தோரணையை வைத்தே, சாப்பிட்டாளா, யாரோடாவது சண்டை போட்டாளா என்று முன்னால் உட்கார்ந்தபடி கண்டுபிடித்தவர். அப்படி ஆரம்பித்த உறவுதான் கல்யாணத்தில் முடிந்தது. போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய இடது காலை மடக்கிப் போட்டது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “கால்ல உயிர் இருக்கு. நடந்தா திரும்பும். உட்கார்ந்துட்டா மரத்துப் போயிடும்.” அவர் உட்கார்ந்துவிட்டார். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும்தான் அவருடைய உலகம். அந்த வழியிலுள்ள சுவரை அவர் கை பிடித்துப் பிடித்து, தோள் உயரத்தில் ஒரு அழுக்குப் பட்டை ஓடியது. சுண்ணாம்பு அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு மாலை அவள் வாசலில் ஷூவைத் தட்டும்போது மணல் கொட்டும். அவர் அந்த மணலையே பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கல்லுளிமங்கன்! ஒருநாள் மட்டும் வாய் திறந்தார்.

“கடல் ஸ்டாப்ல அந்த நிழற்குடை இன்னும் இருக்கா?”

அவள் கையிலிருந்த ஷூ நழுவியது. அவர்களுடைய பேருந்தின் கடைசி நிறுத்தம் அது.

“வந்து பாருங்களேன்.”

அவர் தன் இடது காலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஒரே ஒரு தடவை வர்றேன். நாலு பேர் முன்னால என் மானம் போச்சுன்னா, அப்புறம் இந்த ஜென்மத்துல நீ என்னைக் கூப்பிடக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்” என்றாள். வாய்தான் சொன்னது.

அந்த ஞாயிறும் வந்தது. மாடிப்படியை ஒவ்வொன்றாகக் கடந்து, பேருந்து பிடித்து, ஏரி நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கைத்தடியை ஒதுக்கிவிட்டு, வளைந்த பிடி போட்ட பழைய குடையை ஊன்றி நின்றார் அவர். “வாங்கண்ணே, உங்களுக்காகவே ஏரியைக் கழுவித் துடைச்சு வச்சிருக்கோம்” என்று வரவேற்றார் கூட்டத்தில் ஒருவரான பேக்கரிக்காரர். அவர் வாய்க்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது.

தையல்காரம்மா தானாகவே முதலிடத்தை விட்டு விலகினாள். “அண்ணன்தானேக்கா முன்னால?”

விசில் அக்காவின் முகம் சிவந்தது. முன்னால் நிற்பதற்கு என்ன அர்த்தமென்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த அவமானத்தை அவருக்கு எப்படிக் கொடுப்பாள்? “நீ உன் சீட்டுல போ. அவர் நடுவுல வரட்டும்” என்றாள் அவசரமாக. அத்தனை வருஷத்தில் அவள் தன் சட்டத்தைத் தானே மீறியது அன்றுதான்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். நடுவில் போய் நின்றார்.

இரண்டு விசில்.

ஏரிக்கரைப் பாதை மேஜை விரிப்பு மாதிரி சமமாகக் கிடந்தது. நாணல் ஓரத்தில் நீர்க்காக்கைகள் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தன. பேக்கரிக்காரர் தன் மாமியாருக்கும் தன் அடுப்புக்கும் உள்ள ஒற்றுமைகளை விளக்கிக்கொண்டே வந்தார். இரண்டையும் சூடாகும் முன்பே சமாளிக்க வேண்டுமாம். சிரிப்பு முன்னாலிருந்து கடைசி வரை ஓடி வந்தது. கடைசியில் நடந்தவள் கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்டாள். பேச்சு குறையவே இல்லை. ஏரி முடிந்து காடு தொடங்கியபோது, ‘ஜெயித்துவிட்டோம்’ என்று அவள் மனம் துள்ளியது.

பாவம், ஒன்றை மறந்துவிட்டாள். அவளுடைய கணவர் ஓட்டும்போது பேசவே மாட்டார்; நடக்கும்போதும் அப்படித்தான். ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழேயே ஆயுளைக் கழித்தவர். அவர் களைத்தால் நிற்பதற்கு அங்கே பேச்சு ஏது? பேக்கரிக்காரரின் சத்தத்துக்கு அடியில், அந்த மனிதரின் மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது யார் காதிலும் விழவில்லை.

மரவேர்கள் பாதையைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் குடை சறுக்கியது. அவர் தடாலென்று விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. கால் நடுங்கியது.

விசிலை ஊதக்கூட மறந்து ஓடினாள் அவள். “என்னங்க! என்ன பண்ணுது? தண்ணி குடுங்க யாராவது!”

அவர் தண்ணீரைக் குடித்தார். மூச்சு திரும்பியதும் அவள் கையை விலக்கினார்.

“இந்தக் கூட்டத்துல யார் மெதுவா நடக்கிறது?”

அவள் தலைகுனிந்தாள்.

“தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரையும் முன்னால விட்ட. என்னை மட்டும் நடுவுல ஒளிச்சு வச்ச. அவ்வளவு அசிங்கமா போயிட்டேனா நான் உனக்கு?”

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் கத்தியாக இறங்கியது. “ஐயோ, இல்லீங்க! உங்களுக்குத்தான் அவமானமா இருக்கும்னு...” அத்தனை பேர் பார்க்க அழுதாள். பேருந்தில் எத்தனை கூட்டத்தைச் சமாளித்தவள்! யார் முன்னாலும் கண் கலங்காதவள்!

பேக்கரிக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஒரு மரத்தை உற்றுப் பார்த்தார்.

அவள் அழுது முடிக்கட்டும் என்று கணவர் காத்திருந்தார். பிறகு குரலைத் தணித்தார்.

“பைத்தியம். முன்னால இருக்கிறது எனக்கு அவமானமா? என் வேலையே அதுதானே? முன்னால நான், பின்னால நீ. வேற எப்படிப் போயிருக்கோம் நாம?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம். எப்படி மறந்தாள் இதை!

குடையை ஊன்றி அவர் எழுந்தார். யாரோ கை கொடுக்க வர, “வேண்டாம், இடம் விடுங்க” என்றார். தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, அது என் சீட்டு. சொல்லிட்டேன்.”

“ஜன்னலோரமா வேற சீட்டு தர்றேன்மா. டிரைவர் சீட்டை விடு.”

“இனிமே யாரும் டிரைவரோட பேசக் கூடாது” என்று சத்தமாக அறிவித்தார் பேக்கரிக்காரர்.

“நீங்க ஒருத்தர் மட்டும் பேசாம இருந்தா போதும்” என்றாள் தையல்காரம்மா. காடே சிரித்தது.

அவள் கடைசிக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விசில் ஊதினாள். அந்த விசிலில் அழுகை இருந்தது, கோபம் இருந்தது, முழுசாக ஒரு கல்யாணம் இருந்தது. முன்னால் அவர் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு புறப்பட்டார்.

மெல்ல, மிக மெல்ல. அவசரக்காரர்களும் அந்தக் காலுக்குத் தகுந்தபடி தங்கள் காலைக் கட்டிக்கொண்டார்கள். களைத்தால் அவரே குடையை உயர்த்துவார். எல்லோரும் நிற்பார்கள். அவள் இரண்டு விசில் கொடுத்தால் கிளம்புவார். காடு சன்னமாகி மணல் மேடு தொடங்கியது. இடது கால் மணலில் கோடு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் பின்னால் வந்த கால்கள் எல்லாம் மிதித்து மிதித்து அந்தக் கோட்டை அழித்திருந்தன. கடைசியில் வந்தவளின் கண்ணுக்கு, ஒரு கூட்டம் நடந்த தடம் மட்டுமே தெரிந்தது.

மேட்டின் உச்சியில் கூட்டம் சட்டென்று நின்றது. குடை உயரவில்லை. பேச்சும் ஓய்ந்துவிட்டது, பேக்கரிக்காரரின் பேச்சு உட்பட. மணலில் கால் புதையப் புதைய, எல்லோரையும் தாண்டி மேலே ஓடினாள்.

அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். எதிரே கடல். அதற்கு இந்தப்பக்கம், சாலையோரத்தில், துருப்பிடித்த கூரையோடு அந்த நிழற்குடை. அவர் கன்னத்தில் கண்ணீர் காற்றோடு கோடு போட்டிருந்தது.

“என்னங்க?”

“கடைசி ஸ்டாப் வந்துடுச்சு, கண்டக்டரம்மா. எல்லாரையும் இறக்கு.”

அவள் ஒரே ஒரு விசில் ஊதினாள்.

திரும்பும்போது பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதும் அவர் முகம் சுளித்தார். “கியர் மாத்தற லட்சணத்தைப் பாரு.” கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “அடுத்த ஞாயிறு எந்த ரூட்டு?” என்றார்.

“டிரைவரோட பேசக் கூடாது” என்றாள் அவள்.

மறுநாளே அந்த அழுக்குப் பட்டை ஓடிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவரை வரச் சொன்னாள்.