திங்கட்கிழமை மூச்சு

வெல்லத்தின் வாடை எங்கே அடித்தாலும் என் மூக்கு இன்றும் உளவு பார்க்கத் தொடங்கிவிடும். அந்தக் கெட்ட பழக்கத்தை எனக்குப் பத்து வயதில் பழக்கிவிட்டவள் என் அம்மா.

நாங்கள் 'நைனா' என்று கூப்பிட்ட என் அப்பா, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சுப் பொதிகளைப் பிரித்துப்போடும் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பூசை பார்த்து, மீன்குழம்பு சாப்பிட்டு, காசிமேட்டில் காற்றாட உட்கார்ந்துவிட்டு நன்றாகத்தான் திரும்புவார். திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போதோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே குந்திவிடுவார். செவ்வாய்க்குக் கொஞ்சம் தேவலை, சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும். "ஞாயித்துக்கெழம காசிமேட்டுல ஊத்திக்கினு வருது இந்த மனுசன், அது திங்கக்கெழம வேலையக் காட்டுது" என்றாள் அம்மா.

அம்மா ஊதச் சொன்னால் ஊதமாட்டார் என்பதால் என்னை ஏவினாள். ஆசையாகப் போவதுபோல் நைனாவின் மடியில் ஏறி மோந்து பார்த்தேன். சாராயத்தின் வாடையே தெரியாத நான், "இன்னாவோ இனிப்பா வாடை வருதும்மா" என்று வந்து சொன்னேன். தொண்டையில் ஒட்டிய பஞ்சு இறங்கட்டும் என்று மில் கேட்டில் தினமும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் கொடுப்பதாக நைனா சொன்னதை அம்மா நம்பவில்லை. "நாத்தத்த மறைக்கத் துன்னுட்டு கத வுடுறியா? மில்லுக்காரன் இன்னாத்துக்கு சும்மா வெல்லம் குடுப்பான்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான், கேட்ட இடம்தான் தப்பு.

மாதா கோயிலுக்கு இழுத்துப்போய், இனிக் குடிக்கமாட்டேன் என்று மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் வாங்கினாள். "குடிக்காதவன் இன்னான்னு சத்தியம் பண்றது?" என்றவர், வீட்டில் சண்டை ஓயட்டும் என்று பண்ணினார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் மூச்சு வாங்கியது. மாதாவையே ஏமாற்றிவிட்டார் என்று அம்மா மாதக்கணக்கில் பேசவில்லை. நானும் அவர் மடியில் உட்காருவதை நிறுத்திக்கொண்டேன். பாவி நான்.

பல வருஷம் கழித்து ஒரு டாக்டர்தான் முதல்முறையாகக் கேட்டார், "ஆரம்பத்துல திங்கட்கிழமை மட்டும் அதிகமா இருந்துச்சா?" என்று. பஞ்சுத் தூசிக்காரர்களுக்கு லீவு கழிந்த முதல் நாள்தான் நெஞ்சு இறுகும், கவனிக்காமல் விட்டால் எல்லா நாளும் இறுகும் என்றார். "அப்ப ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்த அம்மா முடிக்கவில்லை. பேசுகிற அளவுக்கு அப்போது நைனாவிடம் மூச்சு இல்லை.

நைனா இப்போது இல்லை. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். வெல்லம் கொடுத்த கேட்டும் போய்விட்டது. போன வாரம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண், துறைமுகக் குடோனில் தூசி பறக்கக் கோதுமை கொட்டுகிற தன் புருஷனைப் பற்றிப் போனில் புலம்பிக்கொண்டே வந்தாள். "ஞாயித்துக்கெழம ஊத்திக்கிறான், திங்கக்கெழம மூச்சு வாங்கிக்கினு வூட்டுக்கு வரான்."

போனை வைத்ததும், "அவரு குடிச்சத நீ பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"பாக்கணுமா இன்னா? எம் பொண்ண வுட்டு மோந்து பாக்கச் சொல்லுவேன்" என்றாள்.

என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.